அண்ணன் பாட்டும் மகள் மெட்டும்

பழைய பாட்டைப் புதிதாகப் பாடி வெளியிடுகிறவர்களை நானும் என் அண்ணனும் திட்டாத ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. தேக்கா சாப்பாட்டுக் கடைகளின் காலைக் கூட்டத்தில் எப்படியோ ஒரு மேசையைப் பிடித்துவிடுவோம். அவருக்கு அப்பமும் தேங்காய்ப் பாலும், எனக்குத் தோசை, இரண்டு பேருக்கும் தே ஹாலியா என்கிற இஞ்சி டீ. ஏதோ ஒரு கடையில் வானொலி பாடிக்கொண்டிருக்கும். நாங்கள் சின்ன வயதில் கேட்ட பாட்டு ஒன்று புதுக் குரலில், கீழே டம் டம் என்று ஒரு சத்தத்தோடு, நடுவில் யாரோ ஆங்கிலத்தில் நாலு வரி பேச, வரும். அண்ணன் பிய்த்த அப்பத்தை அப்படியே தட்டில் போட்டுவிடுவார்.

“இவனுங்களுக்குச் சொந்தமா ஒண்ணு போடத் தெரியாதாடா?” என்பார்.

“பழைய சட்டைக்குச் சாயம் போட்டுப் புதுசுன்னு விக்கிறானுங்க அண்ணே” என்பேன் நான்.

எங்களுக்குள் ஒத்துப்போகிற விஷயங்கள் குறைவு. எதை எடுத்தாலும் அவர் ஒரு பக்கம் இழுத்தால் நான் ஒரு பக்கம் இழுப்பேன். அண்ணி அதற்காகவே எங்கள் இரண்டு பேரையும் ஒரே காரில் ஏற்றமாட்டார். பாட்டு விஷயத்தில் மட்டும் நாங்கள் ஒரே கட்சி. முதலில் பாடியதுதான் பாட்டு, மற்றதெல்லாம் நகல் என்பது அண்ணனின் தீர்ப்பு, அதற்குக் கீழே கையெழுத்துப் போடுவது என் வேலை. அந்தக் கட்சியிலிருந்து நான் சத்தமில்லாமல் ஓடிப்போய்விட்டேன். அதுவும் யாருடைய பாட்டுக்கு எதிராக என்று நினைத்தால் இன்றைக்கும் சாப்பாடு இறங்குவதில்லை.

அது சினிமாப் பாட்டு இல்லை. எங்கள் குடும்பத்துக்கு வெளியே அதை யாருக்கும் தெரியாது. நான் இருபதுகளில் முதல்முறையாக அலகுக்காவடி எடுத்தபோது அண்ணன் எனக்காகக் கட்டிய பாட்டு. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் காவடி எடுக்கிறவன் வெறுங்காலோடு நடப்பான். சொந்தக்காரர்களும் நண்பர்களும் அவனைச் சுற்றி நின்று பாடிக்கொண்டே வருவார்கள். மேளம் அடிக்க வழியில் சில இடங்களில்தான் அனுமதி. மீதித் தூரம் முழுக்கத் தொண்டையும் கைதட்டலும் போதும் என்று நடக்க வேண்டும். கூட வருகிறவர்கள் பாட்டை நிறுத்தினால் என்ன ஆகும் என்று காவடி எடுத்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காலும் நின்றுவிடும்.

அண்ணன் அப்போது துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கப்பல் வருவதற்காகக் காத்திருந்த நேரத்தில் கட்டினாராம்.

தோளிலே தூக்கி வந்தேன், துணைக்கு வா வேலா
காலிலே தார் சுடுது, கைகொடு வேலா

இப்படிப் போகும். பெரிய புலமை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இரண்டாவது ‘வேலா’வில் ஒரு இழுப்பு வரும் பாருங்கள், அதற்குத்தான் அண்ணன் பெயர் வாங்கினார். கண்ணை மூடி, ஒரு கையை மேலே தூக்கி, மூச்சு உள்ள மட்டும் இழுப்பார். அது மேலே போய், வளைந்து, நிதானமாக இறங்கி வந்த பிறகுதான் நாங்கள் “வேல் வேல்” என்று சேர்ந்துகொள்ள முடியும். பக்கத்துக் காவடிக்காரர்களோடு வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். “அண்ணன் இழுக்க ஆரம்பிச்சா நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாம்” என்று நான் கேலி செய்வேன், அவர் முகத்துக்கு நேராகத்தான். அது அவர் தொண்டையைக் காட்டுவதற்கென்று வைத்துக்கொண்ட இடம் என்று எங்கள் எல்லோருக்கும் ஒரு எண்ணம். குரல் இருக்கிறவர் காட்டிவிட்டுப் போகட்டுமே என்று விட்டுவிட்டோம். அவரும் சிரித்துக்கொள்வாரே தவிர மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எனக்குப் பிறகு அண்ணனின் மகன்கள் இரண்டு பேரும் காவடி எடுத்தார்கள், அதற்கும் அதே பாட்டுதான். அண்ணன் தன் தோளில் காவடி எடுத்ததே இல்லை. பாடுவதுதான் தன் நேர்த்திக்கடன் என்பார். வேலையில் அவருக்கு விருது எதுவும் கிடைக்கவில்லை, சொந்த வீட்டில் அண்ணியின் பேச்சுதான் எடுபடும். இது என்னுடையது என்று அவர் மார்தட்டிச் சொல்லிக்கொள்ள இந்த ஒரு பாட்டுதான் இருந்தது. வருஷத்தில் ஒரு நாள் அவர்தான் எங்கள் குடும்பத்தின் குரல்.

கொஞ்ச காலமாக அந்தக் குரல் மெலிந்துவிட்டது. இழுப்பின் உச்சியில் ஒரு கரகரப்பு வரும், அதை மறைக்க இருமுவார். நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இந்த முறை மறுபடியும் நானே காவடி எடுக்க வேண்டியதாயிற்று. என் மனைவிக்கு ஒரு பெரிய அறுவைச் சிகிச்சை. அறுவைக்கூடத்துக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இவள் நல்லபடியாக வீடு திரும்பினால் பால்காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அலகு குத்தி ஆடுகிற வயதெல்லாம் போய்விட்டது. மரவளைவில் இரண்டு பக்கமும் பால் செம்பு கட்டி, மயிற்பீலி வைத்து, தோளில் தூக்கிக்கொண்டு நடப்பதோடு சரி. அதற்கே என் வலது முழங்கால் ஒத்துழைக்குமா என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. மாடிப்படி இறங்கும்போது அது என்னைக் கேட்காமலே மடங்கும். மனைவி திரும்பி வந்தாள், சமையலறையில் நின்று என்னை அதட்ட ஆரம்பித்தாள், முருகனிடம் சொன்னதை இனி மாற்ற முடியாது.

சுவா சூ காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் இருக்கும் பூங்காவில் மாலை நேரத்தில் வெறுங்காலோடு நடந்து பழகினேன். வங்கியில் வேலை பார்க்கிற என் மகளும் கூட வந்தாள். அப்பா எங்கேயாவது விழுந்துவிடுவார் என்று பயம். சும்மா நடப்பானேன் என்று அவள் பெரியப்பா பாட்டைப் பாடிக்கொண்டு வருவாள். சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பாட்டு, வார்த்தை பிசகாது. சில நாள் கழித்து நின்று என் காலையே பார்த்தாள்.

“அப்பா, ரைட் லெக் வெக்கிறப்ப உங்களுக்கு லேட் ஆகுது. பாட்டு முன்னாடி ஓடிடுது. அப்புறம் பெரியப்பா இழுக்கிற எடத்துல காலை எங்க வெக்கிறதுன்னு தெரியாம அப்படியே நிக்கிறீங்க லா.”

“நின்னா என்ன? சாமி பாட்டுதானே” என்றேன்.

அவள் விடவில்லை. எனக்குப் பின்னால் நடந்துகொண்டே வாய்க்குள் எதையோ முணுமுணுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு மாலை புதிதாகப் பாட ஆரம்பித்தாள். வார்த்தை எல்லாம் பெரியப்பாவுடையதுதான், ஒரு எழுத்தை மாற்றவில்லை. அந்த நீண்ட இழுப்பை மட்டும் வெட்டிவிட்டாள். ‘வேலா’ பாதியில் நின்றது, ஒரு சின்ன இடைவெளி, அப்புறம் “வேல்” என்று ஒரு காலுக்கு, “வேல்” என்று இன்னொரு காலுக்கு. அந்த இடைவெளியில் என் வலது கால் மெதுவாகத் தரைக்கு வந்து ஊன்றிக்கொள்ள நேரம் இருந்தது. நான் பூங்காவின் அடுத்த முனையில் இருக்கும் பிள்ளைகள் விளையாட்டுத் திடலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான், அன்றைக்கு நடுவில் எங்கேயும் நிற்கவில்லை என்பதே உறைத்தது.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். மறு நிமிஷமே அண்ணன் முகம் வந்து நின்றது. வெட்டியது எந்த இடத்தை? அவர் பெயர் வாங்கிய இடத்தை அல்லவா?

அவள் அதைத் தன் கைப்பேசியில் பாடிப் பதிந்து எனக்கு அனுப்பினாள். வேலைக்குப் போகும் எம்ஆர்டி ரயிலில் காதுக்குள் செருகிக்கொண்டு கேட்பேன். நிற்க இடமில்லாத கூட்டத்தில்கூட என் கால் கட்டைவிரல் செருப்புக்குள் ஆடும். யாரும் என்னைக் கவனிக்கப் போவதில்லை என்று தெரிந்தும், விரத நாளில் ஒளிந்து ஆட்டுக்கறி தின்கிறவனைப் போல அக்கம்பக்கம் பார்த்துக்கொள்வேன். ஒரு நாள் பாட்டு பாதியில் நின்று, அதே காதுக்குள் அண்ணன் குரல் கேட்டது. அவர்தான் அழைத்திருந்தார்.

“எங்கடா இருக்கே? மூச்சு வாங்குது?”

“ரயில்ல அண்ணே. ஒண்ணுமில்லே.”

இவ்வளவு நடந்தும் ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போய், அவர் எதிரில் உட்கார்ந்து, வானொலியில் வந்த புதுப் பாட்டை வழக்கத்தைவிடக் காரமாகத் திட்டினேன். இழுத்துப் பாடத் துப்பில்லாதவர்கள்தான் வெட்டிப் பாடுவார்கள் என்றுகூடச் சொன்னேன். அண்ணனுக்கு அன்றைக்கு மகிழ்ச்சி, என் தோசைக்கும் அவரே காசு கொடுத்தார். வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் நான் மறுபடியும் மகள் பாடியதைத்தான் கேட்டேன்.

“பெரியப்பாகிட்டப் பாடிக் காட்டட்டுமா?” என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“நான் பக்குவமா சொல்றேன். நீ சும்மா இரு” என்றேன்.

அவள் பாடிக் காட்டியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. சின்னப் பெண், பெரியப்பாவுக்குச் செல்லம், கோபப்பட்டாலும் ஒரு வேளை சாப்பாட்டோடு தீர்ந்திருக்கும். நான்தான் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். அண்ணனிடம் போய்ச் சொன்னதெல்லாம், “பிள்ளைங்களும் பாட ஆசைப்படுதுங்க அண்ணே” என்பதுதான். “தாராளமா பாடட்டும்டா, பின்பாட்டுக்கு ஆள் வேணும்ல?” என்றார் அவர். மகளிடம் வந்து, பெரியப்பா களைத்துப்போனால் மட்டும் நீ எடு என்றேன். இரண்டு பக்கமும் சமாளித்துவிட்டதாக எனக்கு ஒரு திருப்தி வேறு.

தைப்பூசத்தன்று காலை வெயில் ஏறிய பிறகுதான் எங்களுக்கு முறை வந்தது. பெருமாள் கோயில் வாசலில் காவடியைத் தோளில் ஏற்றியதும் அண்ணன் எனக்கு முன்னால் வந்து நின்றார். மஞ்சள் வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. கண்ணை மூடிப் பாட்டை எடுத்தார். சிராங்கூன் சாலை முழுக்க அவரே பாடினார். கரகரப்பு வந்தது, அண்ணன் மகன்கள் சத்தமாகக் கைதட்டி அதை மூடினார்கள். செலிகி ரோட்டில் தண்ணீர்ப் பந்தல்காரர்கள் என் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். அதுவரைக்கும் பழைய பாட்டிலேயே வந்துவிட்டேன், பரவாயில்லை, கடைசி வரை இப்படியே போய்விடலாம் என்று நினைத்தேன்.

டோபி காட் சந்திப்பில் கார்கள் போவதற்காக எங்களை நிறுத்தினார்கள். காவடி எடுத்தவனுக்கு நடப்பதைவிட நிற்பதுதான் கஷ்டம். நடந்தால் தார் ஒரு பாதத்தை மாற்றி ஒரு பாதத்தைச் சுடும். நின்றால் இரண்டையும் சேர்த்துச் சுடும். வழி திறந்தபோது முழங்கால் இறுகிப்போயிருந்தது. முன்னால் போன காவடி தூரத்துக்குப் போய்விட்டது. பின்னால் வரிசை முட்டிக்கொண்டு நின்றது.

“அங்கிள், மூவ் பண்ணுங்க லா, பின்னாடி ரொம்பப் பேர் வெயிட் பண்றாங்க” என்று ஒரு தொண்டூழியர் கெஞ்சினார்.

அண்ணன் எனக்கு நேர் எதிரே வந்து நின்று, என் கண்ணைப் பார்த்துக்கொண்டு பாடினார். “காலிலே தார் சுடுது, கைகொடு வேலா…” என்று இழுத்தார். நான் காலைத் தூக்கினேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் தூக்கிய இடத்திலேயே மறுபடி வைத்தேன். அவர் இன்னும் பலமாக எடுத்தார். இழுப்பு மேலே போகும்போதே குரல் உடைந்தது. இருமினார். மறுபடியும் முதலிலிருந்து எடுத்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்துவிட்டது. என் கால் அசையவில்லை.

அண்ணனின் தோளுக்குப் பின்னால் என் மகள் நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் கண்ணால் சரி என்றேன்.

அந்த ஒரு கண்ணசைவைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அவளாகப் பாடியிருந்தால் சிறுசு, அவசரப்பட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அண்ணன் எனக்காக உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருக்கும்போது, அவர் முகத்துக்கு எதிரிலேயே, அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தவளுக்கு நான் உத்தரவு கொடுத்தேன்.

அவள் எடுத்தாள். அண்ணன் மகன்கள் பிடித்துக்கொண்டார்கள், அவள் முன்னாலேயே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். வேலா, இடைவெளி, வேல், வேல். என் வலது கால் தரையைத் தேடி ஊன்றியது. இடது கால் தானாக வந்தது. பினாங்கு ரோடு, கிளமென்சோ அவென்யூ, எதுவும் எனக்குச் சரியாக நினைவில்லை. தோளில் சுமை இருந்ததா என்பதே தெரியவில்லை. என் வாழ்க்கையில் முருகன் அவ்வளவு பக்கத்தில் வந்து நடந்தது அன்றைக்குத்தான். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் நடுவில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அண்ணன் முதலில் கைதட்டிக்கொண்டு வந்தார். புது மெட்டு அவருக்குப் பழகவில்லை, அவர் கை ஒவ்வொரு முறையும் இடைவெளியில் விழுந்தது. கொஞ்ச தூரம் போனதும் தட்டுவதை நிறுத்திவிட்டார். யாரோ தண்ணீர் பாட்டிலை அவரிடம் கொடுத்தார்கள். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கோயில் வரைக்கும் பேசாமல் நடந்து வந்தார்.

அன்று மாலையே யாரோ எடுத்த காணொளி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. மச்சான்மார்கள், சித்திகள், ஜோகூரில் இருக்கிற சொந்தக்காரர்கள், எல்லோரும் என் மகளைப் புகழ்ந்து தள்ளினார்கள். பழையதைவிட இது எவ்வளவோ மேல் என்று ஒருவர் எழுதினார். அதற்கு இதயம் போட்டவர்கள் வரிசையில் என் மனைவியும் இருந்தாள். அண்ணன் ஒரே ஒரு கட்டைவிரல் போட்டிருந்தார். அதற்குக் கீழே நான் என்ன எழுதுவது? எழுதிப் பார்த்தேன், அழித்தேன், கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் விடுப்பு. காலில் கொப்புளத்தோடு கிடந்து என்னை நானே விசாரித்துக்கொண்டேன். மகள் பாட்டு என்பதால்தான் எனக்கு அது உசத்தியாகத் தெரிகிறதா? அப்படியிருந்தால் நல்லது என்றே நினைத்தேன். பெற்ற பாசம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அல்லது அண்ணனின் குரல் தேய்ந்துபோனதுதான் காரணமா? அதைச் சோதிக்க, அவர் நாற்பது வயதில் பாடிய பழைய கேசட்டிலிருந்து அவர் மகன் எடுத்து அனுப்பியிருந்த பதிவைத் தேடிப் போட்டேன். அடேயப்பா, என்ன குரல்! உச்சியில் ஒரு பிசிறு இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டு வாசலில் பொது நடைவழியில் அந்தப் பாட்டுக்கு நடந்து பார்த்தேன். இழுப்பு வந்த இடத்தில் நின்று கேட்டேன். மறுபடி நடந்தேன், மறுபடி நின்றேன். பிறகு மகள் பாடியதைப் போட்டேன். நடைவழியின் கோடியில் இருக்கும் மின்தூக்கியில் போய் முட்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி கம்பிக்கதவு வழியாகப் பார்த்துவிட்டு, “எக்சர்சைஸ் ஆ?” என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

எப்படிக் கேட்டாலும் புதியதுதான் மேல். இதை எனக்குள் சொல்லிக்கொள்ளவே கூசியது. அதற்கு ஒரு நியாயமும் கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன். அண்ணன் கிரேன் கூண்டில் உட்கார்ந்துகொண்டு கட்டினார், அது உட்கார்ந்து கேட்கிற பாட்டு. மகள் நடந்துகொண்டே கட்டினாள், அது நடக்கிற பாட்டு. யார்மேலும் தப்பில்லை. இந்த நியாயத்தை வைத்து ஒருவாறு தூங்கினேன்.

தைப்பூசம் முடிந்து இடும்பன் பூஜை எங்கள் வீட்டில் நடந்தது. விரதத்தை முடிக்கிற நாள், இடும்பனுக்குப் படைத்துவிட்டு எல்லோரும் கறியும் சோறும் சாப்பிடுவோம். அதற்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் மட்டும் ஒரு வழக்கம் உண்டு. தன்னைப் பாடிக் கோயில் படிக்குக் கொண்டுவந்து சேர்த்தவருடைய தோளில், காவடி எடுத்தவன் ஒரு புதுத் துண்டைப் போட்டுக் காலில் விழ வேண்டும். யார் எடுத்தாலும் இத்தனை வருஷமும் அந்தத் துண்டு அண்ணன் தோளில்தான் விழுந்திருக்கிறது.

நான் தேக்காவில் இரண்டு துண்டு வாங்கி வைத்திருந்தேன். கடையில் நின்று வெகு நேரம் யோசித்து எடுத்த முடிவு. ஒரே நிறம், ஒரே கரை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தாம்பாளத்தில் இரண்டு துண்டைப் பார்த்ததும் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் கவனிக்காதவன் மாதிரி ஒன்றை எடுத்து அண்ணன் தோளில் போட்டு, முழங்கால் வலிக்கக் காலில் விழுந்தேன். அவர் திருநீறு பூசிவிட்டார். இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினேன்.

“இருடா” என்றார் அண்ணன். சத்தமாகச் சொல்லவில்லை. “ரெண்டு எப்படி வந்துச்சு?”

“ரெண்டு பேரும் பாடினீங்களே அண்ணே.”

“பாடினவங்களுக்கா இது? கொண்டுபோய்ச் சேர்த்தவங்களுக்கு. உன்னை நடக்க வெச்சது யாரு?”

எனக்குச் சட்டென்று ஒரு வழி கிடைத்தது. எங்கள் ஆட்கள் எந்தச் சங்கடத்திலும் ஓடி ஒளிகிற இடம்தான் அது.

“முருகன்தான் நடக்க வெச்சாரு” என்றேன்.

அண்ணன் தலையாட்டினார். “சரி. எந்த மெட்டுல வந்தாரு?”

நான் மகளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி சமையலறை வாசலில் கையில் கரண்டியோடு நின்றார். அண்ணன் கேட்டது என்னிடம் மட்டும்தான். டோபி காட்டில் என் கண்ணைப் பார்த்த மாதிரியே பார்த்தார்.

“இவ மெட்டுலதான் அண்ணே” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் தன் தோளில் இருந்த துண்டை எடுத்தார். நீளவாக்கில் மடித்து, மறுபடி மடித்து, தாம்பாளத்தில் வைத்தார். “அப்போ அவளுக்குப் போடு. ஒண்ணு போதும்” என்றார். நான் போட்டேன். பெற்ற மகள் என்பதால் காலில் விழவில்லை. அவள்தான் அழுதுகொண்டே பெரியப்பா காலில் விழுந்தாள்.

அவளைத் தூக்கிப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அண்ணன் கேட்டார்: “அந்த வேலாவுக்கு அப்புறம் ஒரு எடம் விட்டிருக்கியே, எப்படிப் புடிச்சே அதை? அன்னைக்கு எனக்குக் கை அதுலயே போய் விழுந்துச்சு.”

“அப்பாவுக்கு ரைட் லெக் லேட்டா வரும் பெரியப்பா. அதுக்காக வெயிட் பண்ற மாதிரி…”

“ம்.” அண்ணன் கொஞ்ச நேரம் விரலால் முட்டியில் தட்டிப் பார்த்தார். “உங்கப்பன் அந்தக் காலத்துல அலகுக்காவடியோட சுத்துவான் தெரியுமா? ரோட்டுல ஒரு முழுச் சுத்து. சுத்தி முடிச்சுக் கால் ஊன்ற வரைக்கும் பாட்டு காத்திருக்கணும், இல்லேன்னா விழுந்துடுவான். கிரேன்ல உக்காந்து அதை நெனச்சு நெனச்சுத்தான் அந்த இழுப்பை வெச்சேன். நான் அவன் சுத்துறதுக்கு எடம் விட்டேன். நீ அவன் நொண்டுறதுக்கு எடம் விட்டிருக்கே.”

எனக்கு அப்போதுதான் உடம்புக்குள் அந்தச் சுற்று நினைவுக்கு வந்தது. அந்த இழுப்பில்தான் நான் சுற்றுவேன். சுற்றி முடிந்து கால் தரையில் படும்போது சரியாக “வேல் வேல்” வரும். ஒரு தடவைகூட நான் தடுமாறியதில்லை. அதை என் திறமை என்று நினைத்துக்கொண்டு, எனக்காக மூச்சைப் பிடித்து நின்றவரைப் பார்த்து டீ குடித்துவிட்டு வரலாம் என்று சிரித்திருக்கிறேன்.

“அண்ணே, நீங்க ஏன் சொல்லவே இல்லே?” என்றேன்.

“உனக்குத் தெரியும்னு நெனச்சேன்” என்றார்.

அண்ணி சாப்பிடக் கூப்பிட்டார். அண்ணன் கையை ஊன்றி எழுந்து மேசைக்குப் போனார். ஆட்டுக்கறி நன்றாக வந்திருக்கிறது என்று என் மனைவியிடம் சொன்னார். இடும்பன் பூஜை அன்றைக்கு, தோளில் துண்டு இல்லாமல் அவர் சாப்பிட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.